மொழியியல் படித்தவன் என்ன ஆனான்?

மலர்க் குழுவிலிருந்து கடிதம் வந்தது. "கல்லூரி நாட்களின் நினைவுகளை நான்கு பக்கத்துக்குள் எழுதி அனுப்பவும், புகைப்படம் இருந்தால் இணைக்கவும்" என்று கேட்டிருந்தார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், விளையாட்டு விழாவைப் பற்றியும், தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி டீக்கடையில் விழித்திருந்ததைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதுவார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். எனக்கோ இந்தக் கல்லூரியில் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்க இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

கடன் இதுதான். 1971-74 பி.ஏ. தமிழ் வகுப்பின் வெள்ளிவிழாச் சந்திப்பு 1999-ல் நம் கல்லூரி அரங்கில் நடந்தது. ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய இருவர் நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டார்கள். நானும் விடுவேனா? "நான் தமிழ் முடித்து, அதற்கு மேல் மொழியியல் படித்தேன். மொழியியல் படித்தவனுக்கு நாட்டில் எத்தனை மொழி இருக்கிறது என்று தெரியும். எத்தனை வேலை இருக்கிறது என்றுதான் தெரியாது!" என்றேன். அரங்கமே அதிர்ந்தது. அந்தக் கைதட்டலைப் பல வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் இலையில் உட்கார்ந்திருந்த அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்கதானே வெள்ளிவிழாவில மொழியியல் பத்திப் பேசினது?" என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பூரிப்போடு. "நான் அப்ப பி.ஏ. மூணாம் வருஷம் சார். வாசல்ல சந்தனம் கொடுக்க நின்னேன். எம்.ஏ. மொழியியலுக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணிப் பையில வச்சிருந்தேன். நீங்க பேசினதும் எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ரசத்தைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாராம். அத்தோடு விடவில்லை. "என் பொண்ணு டிகிரி ரெண்டாம் வருஷம் படிக்கிறா. அதே மொழியியல்தான் மேல படிக்கணும்னு நிக்கிறா. இப்ப என்ன சார் சொல்றீங்க?"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியே பிறந்த துறை

மொழியியல் படித்துவிட்டுக் கல்லூரி வேலை கிடைக்காதவன் 'வெளியே' போகிறான் என்று நாம் பேசுகிறோம். சரித்திரத்தைப் பார்த்தால் விஷயம் தலைகீழ். இந்தத் துறையே வெளியில் பிறந்து, பிறகுதான் கல்லூரிக்குள் வந்தது.

சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786 பிப்ரவரியில் கல்கத்தாவில் உரையாற்றிய வில்லியம் ஜோன்ஸ் வாத்தியார் அல்ல. உச்ச நீதிமன்ற நீதிபதி. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே அச்சில் ஏற்றிய எல்லிஸ், சென்னையின் கலெக்டர். வரி வசூலுக்கும் நீதி பரிபாலனத்துக்கும் வரும் இளம் வெள்ளைக்கார அதிகாரிகள் மக்கள் மொழியைக் கற்க வேண்டும் என்பதற்காக 1812-ல் தோன்றியது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. அந்தத் தேவையிலிருந்து வந்த ஆராய்ச்சி அது. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இடையன்குடியில் ஊழியம் செய்த பாதிரியார்.

கிரியர்சனின் கதை இன்னும் பெரிது. ஐ.சி.எஸ். அதிகாரி. 1894-ல் தொடங்கிய இந்திய மொழி ஆய்வை 1928-ல்தான் முடித்தார். 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்று கணக்குக் கொடுத்தார். பைபிளிலுள்ள ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு வட்டாரப் பேச்சிலும் சொல்லவைத்து எழுதி வாங்கினார்கள். மாவட்ட அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் பாதிரிகளும்தான் அதைச் சேகரித்துக் கொடுத்தவர்கள். ஆனால் ஒன்று: சென்னை மாகாணம் அந்த ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை. நம்மூர் மொழிகள் அப்படி ஒருமுறை கணக்கிலிருந்து தப்பிவிட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவர் தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தார். வேதியியல் பொறியியல் படித்தவர். 'காலி' என்று எழுதிய பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் பயமில்லாமல் சிகரெட் பிடிப்பதைக் கவனித்தார். காலிப் பீப்பாயில் ஆவி நிறைந்திருக்கும். நிறைந்த பீப்பாயைவிட அதுதான் ஆபத்து. 'காலி' என்ற சொல் மனிதனை ஏமாற்றுகிறது! சொல்லுக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் இன்றும் விவாதிக்கும் கருத்துக்கு அவர் காட்டிய உதாரணங்களில் இதுவும் ஒன்று. 1941-ல் சாகும்வரை அவர் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்தான்.

நம் காலத்துக்கு வந்தால் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பை 1977-ல் வெளியிட்டார். பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய பெருநூலை 2003-ல் கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து 1936-ல் முடித்துக் கொடுத்த வையாபுரிப் பிள்ளையும் தொழிலால் வக்கீல்.

நீதிபதி, கலெக்டர், பாதிரியார், காப்பீட்டுக்காரர், வக்கீல். இவர்கள் போட்ட பாதையில்தான் பேராசிரியர்கள் வந்தார்கள்.

பதினொரு பேர்

இந்தியாவில் நவீன மொழியியல் கல்விக்கூடத்துக்குள் வேர்விட்டது 1950-களில். 1954-லிருந்து பூனாவின் டெக்கான் கல்லூரி முன்னின்று கோடைக்காலப் பள்ளிகளை நடத்தியது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்துகொண்டிருந்த காலம். மொழி அறிந்தவர்கள் வேண்டியிருந்தது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் மொழியியல் துறை உயர் ஆய்வு மையமாக 1963-ல் வளர்ந்தது. சட்டம் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் அங்கே அந்தத் துறையை வளர்த்தவர். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

நம் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு 1974-ல் நான் அங்கே போனேன். ஊரில் அஞ்சல்காரராக இருந்த என் அப்பா விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ் படிச்ச, சரி. தமிழுக்கு மேல இது என்னடா மொழி, இயல்? இதுல தேறினா என்ன உத்தியோகம்?" என்றார். "பேராசிரியர் ஆகலாம்ப்பா" என்றேன். "எல்லாரும் வாத்தியார் ஆனா யாருக்குடா சொல்லிக்கொடுப்பீங்க?" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் வகுப்பில் யாரிடமும் பதில் இல்லை.

நாங்கள் பதினொரு பேர். மூன்று பேர் கல்லூரி ஆசிரியர்கள் ஆனார்கள். இரண்டு பேர் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டார்கள். ஒருவர் பத்திரிகையில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். ஒருவர் மைசூரில் வெளிமாநில ஆசிரியர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனார். அங்கே 1969-ல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கியிருந்தது. அதன் மண்டல மையங்களில் வேற்று மாநிலப் பள்ளி ஆசிரியர்கள் வந்து தங்கி இன்னொரு மொழியைக் கற்றார்கள். ஒருவர் அகராதிக்குப் போனார். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் (நோயாளியாக அல்ல!). நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். பதினோராவது ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கல்கத்தாவில் ஒரு காலியிடம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குக் கல்கத்தாவில் மொழிப் பிரிவு என்று ஒன்று உண்டு. 1979-ல் அங்கே சேர்ந்தேன். ஊரில் கேட்டவர்களுக்கு, "கணக்கெடுக்கிற வேலை" என்று அம்மா சொல்லிவிட்டார். "எம்.ஏ. படிச்சுட்டு வீடு வீடாப் போய் தலை எண்ணுறானா?" என்று என் மைத்துனர் கேட்டதை இன்றுவரை மறக்கவில்லை. வெள்ளிவிழா மேடையில் நான் அடித்த ஜோக்குக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று இப்போது தோன்றுகிறது. பிறர் கேலி செய்யுமுன் நாமே செய்துகொண்டால் வலிக்காது பாருங்கள்!

வேலை என்ன? கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்து "தாய்மொழி என்ன?" என்று கேட்பார். குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி என்பது அதற்கு அர்த்தம். நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதை அப்படியே எழுத வேண்டும், அவர் திருத்தக்கூடாது. ஜனங்கள் என்ன சொல்வார்கள்? சிலர் மொழியின் பெயரைச் சொல்வார்கள். சிலர் சாதியைச் சொல்வார்கள், சிலர் ஊரைச் சொல்வார்கள், சிலர் தொழிலைச் சொல்வார்கள். ஒரே பெயர் பத்து விதமான எழுத்தில் வரும். 1961 கணக்கெடுப்பின் பட்டியலில் 1652 தாய்மொழிகள் இருந்தன. 2011-ல் மக்கள் சொன்ன பெயர்களை அப்படியே எண்ணினால் 19,569. ஆராய்ந்து சீர்ப்படுத்தியபோது 1369 தாய்மொழிகள் தேறின. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுகிறவற்றை வகைப்படுத்தினால் 121 மொழிகள். 19,569 எப்படி 121 ஆகிறது? அதற்குத்தான் மொழியியல் படித்தவன்.

எளிய வேலை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் பேசும் படுகு, கணக்கெடுப்பில் கன்னடத்தின் கீழ் வருகிறது. மதுரை, பரமக்குடி, சேலம் பக்கம் நெசவாளர் வீடுகளில் பேசும் சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழ் வருகிறது. ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்கள் தாய்மொழி என்று சொன்ன போஜ்புரி, இந்தியின் கீழ் வருகிறது. மேலே உள்ள பெயர் பெருக்கிறது. கீழே உள்ள பெயர் அட்டவணையின் உள்பக்கத்துக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடம், பாடப்புத்தகம், வானொலி என்று கேட்டுப் போகிறவர்கள் கையில் கடைசியில் இந்த அட்டவணைதான் இருக்கிறது. ஒரு கோடு எங்கே போடுகிறோம் என்பதில் ஒரு ஜனத்தின் பெயர் இருக்கிறது என்பதை நான் வகுப்பறையில் கற்கவில்லை, அந்த மேஜையில் கற்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981 கணக்கெடுப்பின் மொழி அட்டவணையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் வரிசையாக இருக்கும். தமிழுக்கு நேரே எண் இருக்காது. 'கிடைக்கவில்லை' என்று இருக்கும். கீழே அடிக்குறிப்பில் காரணம்: தமிழ்நாட்டின் பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்துவிட்டன. 1971-ல் 3 கோடியே 76 லட்சம் பேர், 1991-ல் 5 கோடியே 30 லட்சம் பேர், நடுவில் வெறுமை. மொழிக்காக எத்தனையோ பார்த்த மாநிலத்துக்கு, அந்தப் பத்தாண்டில் தன் மொழிக்காரர் எத்தனை பேர் என்ற முழுக்கணக்கு இல்லை. கிரியர்சன் காலத்தில் ஆய்வு வரம்பு நம்மை விட்டது. இந்த முறை தண்ணீர். அந்த அட்டவணையை முதலில் பார்த்த அன்று பகல் சாப்பாட்டுக்கு நான் வெளியே போகவில்லை. பக்கத்து மேஜை வங்காளி நண்பர் டீ வாங்கிவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

'விடு' என்ற சொல்லும் 'உளறல்' என்ற நோயும்

அகராதிக்குப் போன நண்பரின் வேலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு சமயம் வாரக்கணக்கில் 'விடு' என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினார். தண்ணீர் விடுகிறோம், மூச்சு விடுகிறோம், பள்ளிக்கூடம் விடுகிறது, பட்டம் விடுகிறோம், கதை விடுகிறான், போய்விட்டான். எத்தனை பொருள், எது முதலில், எது துணைவினை, எதற்கு எந்த உதாரணம்? அவருடைய வீட்டுக்கார அம்மா பொறுக்கமாட்டாமல், "அதை விடுங்களேன்!" என்றாராம். "அட, இதுவும் ஒரு பொருள்" என்று அட்டையில் எழுதிக்கொண்டாராம்!

சிரிப்புக்கு அப்பால் விஷயம் இருக்கிறது. பழைய அகராதிகள் பெரும்பாலும் செய்யுளிலிருந்து சொல் எடுத்தன. இன்றைக்கு எழுதுகிற உரைநடைத் தமிழில் ஒரு சொல் எப்படி வாழ்கிறது என்று உதாரண வாக்கியத்தோடு காட்டிய க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் வந்தது. ஒரு பல்கலைக்கழகமல்ல, ஒரு பதிப்பகம் அதை நடத்தியது. 2008-லும் 2020-லும் திருத்திய பதிப்புகள் வந்தன. பதிப்பாளர் எஸ். ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020-லேயே காலமானார். சந்தி எங்கே மிகும், வினை எப்படித் திரியும், பேச்சு வழக்கு எது என்று தெரிந்தவர்கள் இல்லாமல் அப்படியொரு அகராதியைத் தொகுக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன தோழியின் கதை வேறு. மைசூரில் 1965-ல் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கியது. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள், திக்குகிறவர்கள் ஆகியோருக்குச் சிகிச்சை கொடுக்கும் துறை நம் நாட்டில் அதன் பிறகுதான் பரவியது. எங்கள் வகுப்புத் தோழி அதற்கென்று மேற்கொண்டு ஒரு படிப்பையும் முடித்து, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார்.

ஒரு நாள் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஜவுளி வியாபாரி. மகன்கள் அவரிடம் கன்னடத்திலும் தமிழிலும் பேசிப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்து வந்தது எதுவும் யாருக்கும் புரியவில்லை. 'உளறுகிறார்' என்று குறிப்பில் எழுதியிருந்தது. தோழி பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டார். பொருள் புரியவில்லை, ஆனால் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருகிறது, வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. உளறலுக்கு இலக்கணம் ஏது? "அப்பாவுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். மதுரை என்றார்கள். "வீட்டில் பாட்டி என்ன பேசுவார்?" அப்போதுதான் மூத்த மகன் தலையில் கையை வைத்துக்கொண்டார். சௌராஷ்டிரம்! பெங்களூருக்குக் குடிவந்தபின் பிள்ளைகள் மறந்துவிட்ட மொழி. பெரியவருக்குப் பின்னால் கற்ற இரண்டு மொழியும் அடங்கிப்போய் முதல் மொழி மட்டும் நின்றிருக்கிறது. பல மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே சமயத்தில் திரும்புவதில்லை என்பதை 1895-லேயே பித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து ஒரு வயதான தங்கையை வரவழைத்தார்கள். அவர் வந்து கூப்பிட்டதும் பெரியவர் அழுதாராம். "நான் செஞ்சது ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்பார் தோழி. சும்மா கேட்பதற்குத்தான் இரண்டு வருஷம் படித்தோம்.

எங்களுக்குப் பல வருஷம் இளையவர் ஒருவர் கணினிக்குப் போனார். 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் கிடைத்தது. அது போதுமா, எழுத்தை எப்படி எண்ணுவது என்ற சர்ச்சை வெகுகாலம் நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. எழுத்துப் பிரச்சினை ஓரளவு தீர்ந்ததும் சொல் பிரச்சினை வந்தது. 'வா' என்று தேடினால் கணினி 'வந்தான்', 'வருகிறான்', 'வராதே' எதையும் காட்டாது; அதற்கு அவை வேறு வேறு சொற்கள். இவை எல்லாம் ஒரே வினை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தொல்காப்பியமும் நன்னூலும் படித்த பையன், ஆங்கிலக் கம்பெனியில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினான். நான் மேடையில் ஜோக்கடித்த அதே 1999-ல்!

இன்னும் எத்தனையோ உண்டு; சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் திமோத்தி எவன்ஸ் என்பவரை 1950-ல் தூக்கிலிட்டார்கள். 1966-ல், செத்தவருக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அவர் போலீசில் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலங்களை ஸ்வார்ட்விக் என்ற சுவீடன் நாட்டு மொழியியலாளர் ஆராய்ந்து, சர்ச்சைக்குரிய பகுதிகளின் இலக்கண நடை மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபடுகிறது என்று 1968-ல் காட்டினார். நீதிமன்றத்துக்கான மொழியியல் என்ற துறையே அதிலிருந்து பெயர் பெற்றது. காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சியில் எழுத்தோட்டம் போடும் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் ஓக்ராண்ட், 1984-ல் வந்த ஹாலிவுட் படத்துக்காகக் கிளிங்கான் என்ற மொழியையே உருவாக்கினார். நம்மூர் அரட்டைக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்!

பதினோராவது ஆள்

எங்கள் வகுப்பில் முதல் ஆள் அவன்தான். நீலகிரி அடிவாரத்தில் மாதக்கணக்கில் தங்கி இருளர்களின் பேச்சைப் பதிவு செய்தான். நோட்டுப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. கல்லூரி வேலை ஒன்றுதான் வேலை என்று ஆறு வருஷம் காத்திருந்தான். வேறு எதைச் சொன்னாலும், "அதுக்கா இதைப் படிச்சேன்?" என்பான். கடைசியில் ஊருக்குப் போய் விதைக்கடை வைத்தான். கடை நன்றாகத்தான் நடந்தது. மொழியைப் பற்றி மட்டும் பேச்சை எடுக்கமாட்டான்.

செக் அறிஞர் கமில் சுவலபில் இருளர் மொழியைப் பற்றி 1973-லேயே நூல் வெளியிட்டு, அது தமிழிலிருந்து வேறான தனி மொழி என்று எழுதியிருந்தார். கணக்கெடுப்பிலோ அது தமிழின் கீழ் வருகிறது. 2001 கணக்கெடுப்பு வேலை நடந்தபோது அந்தப் பெயர் ஒருநாள் என் மேஜைக்கு வந்தது. உடனே ஊருக்குப் போன் போட்டேன். "அந்த நோட்டெல்லாம் வேணும்டா. உன்னைவிட அதை யாருக்குத் தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வீடு இடிச்சுக் கட்டினப்ப பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்டா" என்றான். பிறகு, "அதைக் கேக்க ஒரு ஆபீஸ் இருந்துச்சா?" என்றான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த நான் மேடையேறி, வேலை இல்லை என்று ஜோக்கடித்துவிட்டு வந்தேன். அந்த நண்பன் இன்று இல்லை.

அந்த அம்மையாருக்கு

ஆகவே, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் சகோதரிக்கு என் பதில் இது. உங்கள் மகள் படிக்கட்டும் அம்மா. பொய் சொல்லமாட்டேன், 'மொழியியலாளர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். என் வகுப்பில் இரண்டு பேர் வங்கியில்தான் காலம் கழித்தார்கள். அகராதி நண்பருக்குச் சில மாதங்கள் சம்பளமே வந்ததில்லை. வேலை இருக்கிறது, ஆனால் அது வேறு பெயரில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும், கணக்கெடுப்பிலும், கோர்ட்டிலும், கணினிக் கம்பெனியிலும், பதிப்பகத்திலும் இருக்கிறது. அதனால் மொழியியலோடு இன்னொன்றையும் கற்கட்டும்: புள்ளியியலோ, கணினியோ, பேச்சுச் சிகிச்சையோ, சட்டமோ. ஜோன்ஸுக்குச் சட்டம் இருந்தது, வோர்ஃபுக்கு வேதியியல் இருந்தது. ஒரு கால் வெளியே வைத்தவர்கள்தான் இந்தத் துறையை நடத்தி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. களத்துக்குப் போனால் எழுதிய நோட்டுகளைப் பிரதி எடுத்து ஒரு நூலகத்தில் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை நீங்கள் கிழித்ததில் பாதி என் கை. இருபத்தைந்து வருஷத்தைத் திருப்பித் தர என்னால் ஆகாது. மகளுக்கு விண்ணப்பம் வாங்கும்போது எனக்கு ஒரு போன் போடுங்கள். மலர்க் குழுவிடம் என் எண் இருக்கிறது. கூட வருகிறேன்.

என் அப்பா கேட்ட கேள்விக்கும் ஐம்பது வருஷம் கழித்துப் பதில் கிடைத்திருக்கிறது. எல்லாரும் வாத்தியார் ஆக வேண்டியதில்லை அப்பா. நீங்கள் விலாசத்தைப் படித்து வீடு வீடாகக் கடிதத்தைச் சேர்த்தீர்கள். நான் இருபதாயிரம் பெயர்களைப் படித்து, எது யாருடைய மொழி என்று விலாசம் பார்த்தேன். இரண்டும் ஒரே உத்தியோகம்தான்.

சந்திப்புக்கு வரும் நண்பர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். நேரில் பார்ப்போம். இந்த முறை மேடையில் ஜோக் கிடையாது!